கேரளா-தமிழ்நாடு பார்டர்ல குடியிருக்கிறவங்களுக்கு: ஓட்டை எப்படி மாத்துறது, வாட்ஸப் ஃபார்வர்டை எப்படி சலிக்கிறது

2024 ஏப்ரல் 26, காலைல ஏழரை மணி. கேரளாவுல, பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துல எங்க ஊர் பூத்துல வரிசைல நின்னு உள்ள போனா லிஸ்ட்ல என் பேரே இல்லைங்க. கைல ஆதார் இருக்கு, தமிழ்நாட்டுல பொறந்த வீட்டு ஆனைமலை அட்ரஸ் போட்ட பழைய ஓட்டர் ஐடி இருக்கு, போன்ல ஒரு வாட்ஸப் மெசேஜ் இருக்கு, அதுல "பேர் இல்லேன்னா ஆதாரைக் காட்டி 49ஏ பிரிவுல சேலஞ்ச் ஓட்டு கேளுங்க, கொடுத்தே ஆகணும்"னு எழுதிருந்துச்சு. அதை நம்பித்தான் ஒரு வாரம் முன்னாடி, 19ஆம் தேதி பொள்ளாச்சித் தொகுதில ஓட்டு நடந்தப்ப அம்மா கூப்பிட்டும் போகாம இருந்தேன். உள்ள இருந்த ஆபீசர் அந்த மெசேஜைப் படிச்சுட்டு சிரிக்கக்கூட இல்ல, "லிஸ்டில் பேரில்லெங்கில் வோட்டில்ல சேச்சி"ன்னு சொல்லி அனுப்பிட்டார். அங்கயும் போச்சு, இங்கயும் போச்சு.

அதுக்கப்புறம் நாலு மாசம் அலைஞ்சு ஓட்டை மாத்தினேன். இப்ப எங்க அயல்கூட்டத்துல (அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க சேந்து நடத்தற குழு) மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை இதைப் பத்திப் பேசறோம். பொள்ளாச்சி, உடுமலை, கோயமுத்தூர்ப் பக்கமிருந்து சித்தூர் தாலுக்காவுக்குக் கல்யாணமாகி வந்தவங்க, தோட்ட வேலைக்கோ கடைக்கோ வந்து தங்கிட்டவங்க, உங்களுக்குத்தான் இது. குமுளி, மறையூர்ப் பக்கம் இருக்கிறவங்களுக்கும் இதேதான், தொகுதிப் பேரை மட்டும் மாத்திப் படிச்சுக்கோங்க.

1. மொதல்ல உங்க பேர் எங்க இருக்குன்னு பாருங்க

ஓட்டர் ஐடி கைல இருக்கறது வேற, லிஸ்ட்ல பேர் இருக்கறது வேற. கார்டு உங்களை யாருன்னு காட்டும், அவ்வளவுதான். ஓட்டு லிஸ்ட்ல இருக்கு.

தேர்தல் கமிஷன் சைட்ல (வோட்டர்ஸ் டாட் இசிஐ டாட் கவ் டாட் இன்) கார்டு நம்பரைப் போட்டுத் தேடுங்க. பேர் போட்டுத் தேடாதீங்க, நம்ம பேரை மலையாளத்துல எழுதி, அதை மறுபடி இங்கிலீஷுக்குக் கொண்டுபோய், இனிஷியலை முன்னாடியோ பின்னாடியோ ஒட்டி, கடைசில உங்க பேரே உங்களுக்கு அடையாளம் தெரியாது. போன்ல நெட் இல்லேன்னா 1950-க்குக் கூப்பிடலாம், காசு இல்ல.

இங்க ஒரு குழி இருக்கு. சித்தூர்னு ஒரு தொகுதி கேரளாவுலயும் இருக்கு, ஆந்திராவுலயும் இருக்கு. ஸ்டேட்டை மாத்திவிட்டா வேற ஊர் லிஸ்ட்ல போய்த் தேடிட்டு "பேரே இல்ல"ன்னு அழுவீங்க. எங்க நாத்தனார் அழுதாங்க. நம்ம சித்தூர் பாலக்காடு ஜில்லா, ஆலத்தூர் பார்லிமென்ட் தொகுதிக்குள்ள வருது.

2. ஃபார்ம் 8 போடுங்க, ஃபார்ம் 6 இல்ல

நான் நாசமாப் போனதே இங்கதான். ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல போய் "கேரளாவுல ஓட்டு வேணும்"னேன், அவரும் நல்ல மனுசன்தான், ஃபார்ம் 6-ஐ நிரப்பிப் போட்டுட்டார். ஃபார்ம் 6 இதுவரைக்கும் எங்கயுமே ஓட்டு இல்லாத புது ஆளுக்கு. ஏற்கெனவே ஒரு எடத்துல பேர் இருக்கிறவங்க அதைப் போட்டா "எனக்கு வேற எங்கயும் ஓட்டு இல்ல"ன்னு பொய் எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி. தெரிஞ்சு போட்டா ஒரு வருசம் வரைக்கும் ஜெயிலோ அபராதமோ ரெண்டுமோன்னு 1950-ஆம் வருசச் சட்டத்துலயே இருக்கு. நல்லவேளை என்னுது தள்ளுபடி ஆச்சு. ஆனா தள்ளுபடி ஆனதே எனக்குத் தெரியாது, ஏன்னா போன் நம்பர்னு இருந்த எடத்துல அவர் தன்னோட நம்பரைப் போட்டிருந்தார், எஸ்எம்எஸ் எல்லாம் அவருக்குப் போயிருக்கு, அவருக்கு ஒரு நாளைக்கு அந்த மாதிரி நூறு எஸ்எம்எஸ் வரும் போல.

வீடு மாறினவங்களுக்கு ஃபார்ம் 8. 2022 ஆகஸ்ட்டுல இருந்து ஒரே தொகுதிக்குள்ள மாறினாலும் ஸ்டேட் விட்டு ஸ்டேட் மாறினாலும் இதேதான். உள்ள போனா "ஷிஃப்டிங் ஆஃப் ரெசிடென்ஸ்"னு இருக்கும், அதுல தொகுதிக்கு வெளியேன்னு வர்றதைத் தொடுங்க. பழைய கார்டு நம்பரே தொடரும். பழைய ஊர்ல பேர் எடுத்தாச்சான்னு ஒரு மாசம் கழிச்சு நீங்களே ஒரு தடவை பாத்துக்கங்க, அப்படியே கிடந்தா அந்த ஊர் பி.எல்.ஓ (பூத் ஓட்டர் லிஸ்ட்டைப் பாத்துக்கற ஆபீசர்) கிட்ட சொல்லி, பேரை எடுக்கறதுக்கான ஃபார்ம் 7 போடுங்க.

"ரெண்டு எடத்துலயும் இருந்துட்டுப் போகட்டுமே, ஆபத்துக்கு உதவும்"னு எங்க அத்தையே சொன்னாங்க. ரெண்டு தொகுதி லிஸ்ட்ல ஒருத்தர் இருக்கவே கூடாதுங்க. 2025 நவம்பர் 4-ஆம் தேதி ரெண்டு ஸ்டேட்லயும் ஓட்டர் லிஸ்ட் தீவிரத் திருத்தம் (எஸ்.ஐ.ஆர்) ஆரம்பிச்சு வீட்டுக்கு வீடு ஃபார்ம் கொடுத்தப்ப, பொறந்த வீட்ல அம்மா ஒண்ணுல கையெழுத்துப் போட, புகுந்த வீட்ல பொண்ணு ஒண்ணுல போட, இப்படி மாட்டிக்கிட்ட குடும்பம் எங்க தெருவுலயே உண்டு.

3. பேப்பர், காசு, நாள்

அட்ரஸுக்கு ஏதாவது ஒண்ணு போதும்: ஆதார், பாஸ்புக், பாஸ்போர்ட், கரண்ட் பில், தண்ணி பில், கேஸ் பில், நிலப் பத்திரம், ரிஜிஸ்டர் பண்ணின வாடகை ஒப்பந்தம். கேக்க சுலபமா இருக்கும். வீட்ல தேடிப் பாருங்க தெரியும். என் ஆதார்ல ஆனைமலை. பாஸ்புக்ல ஆனைமலை. கரண்ட் பில் மாமா பேர்ல. உங்க பேர்ல இல்லேன்னா அதே அட்ரஸ்ல ஏற்கெனவே ஓட்டு இருக்கிற புருசன், பெத்தவங்க, வயசு வந்த புள்ளைங்க பேர்ல இருந்தா ஏத்துக்குவாங்க, மாமனார் பேர்ல இருந்தா அந்தக் கணக்குல வராது. கடைசில வீட்டுக்காரர் ஆதாரை வெச்சுத்தான் போட்டேன். ஆதார் அட்ரஸை மாத்திட்டுப் போடறதுன்னா 2025 அக்டோபர்ல இருந்து 75 ரூபாய், கொஞ்ச நாளும் பிடிக்கும், ஆனா ரேஷன், பேங்க் எல்லாத்துக்கும் அது எப்பவாவது பண்ணித்தான் ஆகணும், அதனால முடிஞ்சா மொதல்ல அதையே முடிச்சுருங்க.

ஓட்டு மாத்தறதுக்கு அரசாங்கத்துக்குக் கட்டவேண்டியது ஒத்த ரூபா இல்ல. கார்டும் தபால்ல சும்மாவே வரும். அக்ஷயாவுல (கேரளா அரசாங்கத்தோட இ-சேவை மையம்) போட்டா சர்வீஸ் சார்ஜ் உண்டு, கொடுத்துட்டு ரசீது வாங்குங்க, ரெஃபரன்ஸ் நம்பரை உங்க போன்ல போட்டோ எடுங்க. போன் நம்பர் உங்களுதுதானான்னு சப்மிட் அழுத்தறதுக்கு முன்னாடி ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பாருங்க, கோச்சுக்கிட்டாலும் பரவால்ல.

போட்ட அப்புறம் ஆட்சேபணைக்கு ஏழு நாள் விடுவாங்க, பி.எல்.ஓ வீட்டுக்கு வந்து பாப்பார். எங்க ஊர்ல அங்கன்வாடி டீச்சர்தான் பி.எல்.ஓ, பகல்ல யாரும் வீட்ல இருக்க மாட்டோம்னு முன்னாடியே சொல்லி வெச்சா சாயங்காலம் வருவாங்க. எனக்கு மொத்தம் மூணு வாரம் ஆச்சு. தேர்தல் அறிவிச்சுட்டாங்கன்னா நாமினேஷன் முடியற தேதிக்குக் குறைஞ்சது பத்து நாள் முன்னாடி போட்டிருக்கணும், நாமினேஷன் முடிஞ்சா லிஸ்ட்டைப் பூட்டிருவாங்க, அப்புறம் கலெக்டரே வந்தாலும் சேர்க்க முடியாது. தள்ளுபடி ஆனா 15 நாளுக்குள்ள கலெக்டர் கிட்ட அப்பீல் போடலாம்.

பதினெட்டு ஆகப் போற புள்ளைங்க வருசம் முழுக்க ஜனவரி 1-க்காகக் காத்துக் கிடக்க வேண்டாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஒண்ணாம் தேதின்னு நாலு தேதி இருக்கு, பதினேழு முடிஞ்சதுமே ஃபார்ம் 6 போட்டு வெச்சுக்கலாம்.

4. பஞ்சாயத்து லிஸ்ட் தனி

எம்எல்ஏ, எம்பி ஓட்டுக்கு ஒரு லிஸ்ட், பஞ்சாயத்து ஓட்டுக்கு வேற லிஸ்ட். கேரளா ஸ்டேட் எலெக்ஷன் கமிஷன்னு தனியா ஒண்ணு இருக்கு, சைட்டும் தனி, ஃபார்ம் நம்பரும் வேற, பேர் சேர்க்க அங்க ஃபார்ம் 4. பஞ்சாயத்து செக்ரட்டரி முன்னாடி நேர்ல போய் நிக்கணும், தேதி சொல்லுவாங்க, அன்னைக்குப் போகலேன்னா தள்ளிருவாங்க. 2025 டிசம்பர் 11-ல பாலக்காடு ஜில்லாவுக்கு ஓட்டு நடந்தப்ப, எம்பி லிஸ்ட்ல பேர் ஏறிருச்சேன்னு நிம்மதியா இருந்த ரெண்டு பேர் எங்க கூட்டத்துலயே ஓட்டுப் போட முடியாமத் திரும்பி வந்தாங்க.

5. பேச ஆள் கூட்டுங்க

தனியா ஒருத்தர் இதெல்லாம் படிச்சு முடிக்க முடியாது. அயல்கூட்டம் இருந்தா அதுலயே அரை மணி நேரம் கேட்டு வாங்கிக்கங்க, இல்லேன்னா வாயனசாலை (ஊர் நூலகம்), கோயில் திண்ணை, எதுன்னாலும் சரி. ஞாயித்துக்கிழமை மூணு மணி நல்லது, பாத்திரம் கழுவி முடிஞ்சிருக்கும், சீரியல் இருக்காது.

உங்க பூத் லிஸ்ட்டை சைட்ல இருந்து எடுத்து பிரிண்ட் போட்டுக்கங்க. ஒரு பூத்துக்கு 1200 பேர்தான்னு வெச்சிருக்காங்க, பக்கத்துக்கு 30 பேர், அதனால நாப்பது பக்கச் சொச்சம் வரும். எங்க ஊர் கடைல பக்கம் ரெண்டு ரூபாய், எண்பது தொண்ணூறுல முடிஞ்சிரும். டீ, வடை தனி. அந்தத் தாளை நடுவுல போட்டு, ஒவ்வொரு வீடா யாரு இருக்கா, யாரு செத்துட்டாங்க, யாரு கட்டிக்கொடுத்துப் போயிட்டாங்கன்னு பென்சில்ல குறிங்க. மொத நாளே பேச்சு தானா வரும், யாரும் லெக்சர் கொடுக்க வேண்டியதில்ல. பி.எல்.ஓவைக் கூப்பிடுங்க, டீச்சருக்கும் வேலை மிச்சம்.

கட்சிக்காரங்களைக் கூப்பிடாதீங்க. எந்தக் கட்சியா இருந்தாலும். வார்டு மெம்பர் வந்து உக்காந்தா அவர் நல்லவரா இருந்தாலும் பாதிப் பேர் வாய் திறக்க மாட்டாங்க. இன்னொரு ரூல், "நீ யாருக்குப் போடுவ?"ன்னு யாரும் யாரையும் கேக்கக் கூடாது. எங்க கூட்டத்துல ஒரு தடவை கேட்டுட்டாங்க, அன்னைக்கு வடை மட்டும்தான் மிச்சமாச்சு.

6. ஃபார்வர்டை சலிக்க மூணு கேள்வி

இதுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கணும். பார்டர்ல இருக்கிறவங்களுக்கு வர்ற பொய்யில பாதி பொய்யே இல்ல, பக்கத்து ஸ்டேட்டோட நெசம். நம்ம போன்ல அம்மா வீட்டு குரூப் ஒண்ணு, மாமியார் வீட்டு குரூப் ஒண்ணு, காலைல கடைல பாக்கற பேப்பர் கோயமுத்தூர் எடிஷன், டிவில ஓடறது சென்னைச் சேனல். எல்லாம் தமிழ், ஆனா நம்ம அரசாங்கம் திருவனந்தபுரத்துல. அதனால எதை வாசிச்சாலும் நாங்க இந்த மூணைக் கேக்கறோம்: எந்த ஸ்டேட்? எந்தத் தேதி? யார் சொன்னது?

*எந்த ஸ்டேட்.* 2024-ல தமிழ்நாட்டுல ஏப்ரல் 19, கேரளாவுல ஏப்ரல் 26. "19ஆம் தேதி ஓட்டு, லீவு"ன்னு வந்த மெசேஜ் சுத்த நெசம், ஆனா எங்க தோட்டத்துல மூணு பேர் அதைப் பாத்து வேலைக்கு வராம சம்பளம் போச்சு. மகளிர் உரிமைத் தொகை மாசம் 1000 ரூபாய்னு 2023 செப்டம்பர்ல தமிழ்நாட்டுல ஆரம்பிச்சாங்க, அது தமிழ்நாட்டு ரேஷன் கார்டுக்கு. "விண்ணப்பம் வாங்கறாங்க, கடைசி நாள்"னு வந்த செய்தியும் நெசம்தான், இங்க ரேஷன் கார்டு வெச்சிருக்கிற அக்காமாருங்க ஆட்டோ பிடிச்சுப் போய்க் கேட்டுட்டு வந்தாங்க. ஒரு தடவை "சித்தூர்ல 144"ன்னு வாய்ஸ் மெசேஜ். எங்க ஊர்ல இருந்து பஸ்ல அரை மணி நேரம், எங்க அத்தை பதறிப் போய் கொழுந்தனாருக்குப் போன் பண்ணா அவர் அதே சித்தூர் பஜார்ல நின்னு தக்காளி வாங்கிட்டிருக்கார். பேசினவர் ஸ்டேட் பேரே சொல்லல. ஊர் பேர் மட்டும் இருந்து ஜில்லா, ஸ்டேட் இல்லாத செய்தியை நாங்க இப்ப அடுத்த ஆளுக்கு அனுப்பறதே இல்ல.

*எந்தத் தேதி.* "ஓட்டுப் போடலேன்னா பேங்க் அக்கவுண்ட்ல இருந்து 350 ரூபாய் பிடிச்சிருவாங்க"ன்னு ஒண்ணு சுத்தும், பாத்திருப்பீங்க. 2019-ல கிளம்பினது, பொய்னு தேர்தல் கமிஷனே சொல்லியாச்சு, 2024-லயும் வந்துச்சு, அடுத்த தேர்தலுக்கும் வரும். தேதி இல்லாத செய்தி பழைய மீன் மாதிரி, ஐஸ் போட்டுப் போட்டு விப்பாங்க. போட்டோவா இருந்தா கூகுள் லென்ஸ்ல வெச்சுப் பாருங்க, முன்னாடி எப்ப வந்துச்சுன்னு பெரும்பாலும் மாட்டிக்கும். மெசேஜ் மேல ரெட்டை அம்புக்குறி இருந்தா அஞ்சு கைக்கு மேல மாறி வந்துருக்குன்னு அர்த்தம். அது பொய்னு ஆகாது, ஆனா எழுதினவர் யாருன்னு கண்டுபிடிக்கவே முடியாது.

*யார் சொன்னது.* நான் ஏமாந்த மெசேஜையே எடுத்துக்கங்க. அதுல மூணு விஷயம் இருந்துச்சு. ஒண்ணு, பேர் இல்லேன்னா 49ஏ-ல சேலஞ்ச் ஓட்டு. ரெண்டு, உங்க ஓட்டை வேற யாராவது போட்டிருந்தா டெண்டர் ஓட்டு. மூணு, டெண்டர் ஓட்டு 14 சதவீதம் தாண்டினா மறுதேர்தல். ரெண்டாவது நெசம். உங்க பேர்ல வேற ஆள் போட்டுட்டுப் போயிருந்தா, நீங்கதான் அந்த ஆள்னு காட்டினா, மெஷின்ல இல்லாம தாள்ல ஓட்டு கொடுப்பாங்க, அதைத் தனிக் கவர்ல வைப்பாங்க. மூணாவது யாரோ கட்டிவிட்டது. மொதலாவதுதான் பெரிய கூத்து: 49ஏ விதி ஓட்டு மெஷின் எப்படி இருக்கணும்னு சொல்றது! சேலஞ்ச்ங்கறது பூத்துக்குள்ள உக்காந்திருக்கிற வேட்பாளரோட ஏஜெண்ட், "இவர் அந்த ஆள் இல்ல"ன்னு ரெண்டு ரூபாய் கட்டி ஆட்சேபணை பண்றது. அதுவும் லிஸ்ட்ல பேர் இருந்தாத்தான். நெசத்தைக் கொஞ்சம் கலந்து, பிரிவு நம்பரும் போட்டு வந்தா நம்ம மாதிரி ஆளுங்க கண்ணை மூடிட்டு நம்பிடறோம், அதுலயும் மாமா பையன் வக்கீல்னா அவர் அனுப்பினதைச் சந்தேகப்படவே தோணாது. அவர்கிட்ட அப்புறம் கேட்டேன், அவரும் படிக்காமத்தான் அனுப்பிருக்கார்.

டிவி சேனல் லோகோ போட்ட நியூஸ் கார்டு வந்தா அந்தச் சேனலோட பேஜ்லயே போய் அதே கார்டு இருக்கான்னு பாருங்க, லோகோவை ஒட்டறது ரெண்டு நிமிச வேலை. தேர்தல் விஷயம்னா 1950, இல்ல பாலக்காடு கலெக்டர் பேஜ். தமிழ்ல பொய்ச் செய்தியைப் பிரிச்சுப் போடற யூடர்ன் மாதிரி ஆளுங்க இருக்காங்க, மத்திய அரசு விஷயத்துக்கு பிஐபி ஃபேக்ட் செக். ஆனா எங்க ஊர்க் கதைக்கு இவங்க யாரும் வர மாட்டாங்க, அதுக்குக் கொழுந்தனாருக்குப் போன் பண்றதுதான் வழி. மலையாளம் படிக்கத் தெரிஞ்ச பிள்ளை ஒண்ணைக் கூட்டத்துல சேத்துக்கங்க. எங்களுக்கு ஒம்பதாங்கிளாஸ் பொண்ணு ஒருத்தி இருக்கா, மலையாளப் பேப்பர்ல லோக்கல் பக்கத்தை அஞ்சு நிமிசத்துல தமிழ்ல சொல்லிடுவா, கூலி ரெண்டு வடை.

பெரியவங்க தப்பா அனுப்பினா குரூப்ல வெச்சுத் திருத்தாதீங்க. மாமாவை ஒரு தடவை குரூப்ல "இது ஃபேக்"னு சொல்லிட்டேன், ரெண்டு நாள் வீட்ல சாப்பாடு பரிமாறினா தட்டைப் பாத்தே பேசினார். இப்ப தனியாப் போய் "மாமா, இது எந்த ஸ்டேட்டுங்க?"ன்னு மட்டும் கேப்பேன், அவரே அழிச்சுருவார்.

7. வேட்பாளரைப் பத்தி

நாமினேஷன்ல கொடுக்கிற பிரமாணப் பத்திரத்துல சொத்து, கடன், கேஸ், படிப்பு எல்லாம் இருக்கும், கமிஷன் சைட்லயே யார் வேணா பாக்கலாம். நாங்க எல்லா வேட்பாளரையும் ஒரே நாள்ல பாத்தோம், ஒருத்தரை மட்டும் பாத்தா சண்டை வரும். கைல கொடுக்கிற நோட்டீஸ்ல அச்சகம் பேரும் வெளியிட்டவர் பேரும் இருக்கணும்னு சட்டம், ரெண்டும் இல்லாத நோட்டீஸ்ல யாரைப் பத்தி என்ன எழுதிருந்தாலும் அடுப்புக்குத்தான். காசு, புடவை கொடுக்கறதைப் பாத்தா சிவிஜில்னு ஆப் இருக்கு, போட்டோ எடுத்துப் போட்டா 100 நிமிசத்துல நடவடிக்கைன்னு கணக்கு.

8. ஓட்டு அன்னைக்கு

பழைய தமிழ்நாட்டு அட்ரஸ் கார்டு இருந்தாலும் பரவால்ல, இந்த பூத் லிஸ்ட்ல பேர் இருந்தா அதை அடையாளத்துக்கு ஏத்துக்குவாங்க. அது தொலைஞ்சா ஆதார், பான், லைசென்ஸ், பாஸ்போர்ட், போட்டோ ஒட்டின பாஸ்புக், தொழிலுறுதி (நூறு நாள் வேலை) கார்டு இதுல ஒண்ணு. ரேஷன் கார்டு செல்லாது. வீட்டுக்குக் கொடுக்கிற ஸ்லிப்பும் தனியாச் செல்லாது, 2019-ல இருந்தே. எல்லாத்துக்கும் ரேஷன் கார்டைத் தூக்கிட்டுப் போற பழக்கம் நமக்கு, அதனால இதை ரெண்டு தடவை சொல்லுங்க.

பட்டன் அழுத்தினதும் பக்கத்து மெஷின்ல தாள் ஏழு செகண்ட் தெரியும், அதைப் பாத்துட்டுக் கிளம்புங்க. பஞ்சாயத்து ஓட்டுன்னா கிராமம், பிளாக், ஜில்லான்னு மூணு ஓட்டு, மூணையும் போடாம நடுவுல வந்துராதீங்க.

பென்சில்ல குறிச்ச பூத் லிஸ்ட்டைத் தூக்கிப் போட வேண்டாம், அடுத்த திருத்தத்துல யார் பேர் காணாமப் போச்சுன்னு ஒப்பிட அதுதான் வேணும். எங்கது அத்தையோட அரிசி டிரம் மேல, பழைய காலண்டர் அட்டைக்குள்ள இருக்கு. ஓரத்துல கொஞ்சம் எண்ணெய்க் கறை, ஆனா பேரெல்லாம் தெளிவாத் தெரியுது, 11-ஆவது பக்கத்துல என்னுதும்.